நடுவரின் பெருவிரல்

லண்டன் மோர்டனில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரை நான் நான்கு வருடம் பராமரித்தேன். கிழமையில் ஐந்து நாள், காலை ஏழு மணி ஷிப்ட். அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ஓட்ஸ் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வருவதுதான் வேலை. வீட்டில் அவரும் ஒரு கறுப்பு லாப்ரடோர் பெட்டை நாயும் மட்டும். நாயைப் பார்ப்பது என் வேலையில் சேர்ந்ததல்ல. எனக்கு நாய் என்றால் பயம். ஆனால் அவருக்கு இடுப்பு மோசமாகி நடக்க முடியாமல் போன பிறகு, அது கதவடியில் படுத்துக்கொண்டு என்னையே பார்க்கத் தொடங்கியது. என்னைத் தவிர வேறு யாரும் அந்த வீட்டுக்கு வருவதில்லை.

முதலில் தெருமுனை வரை கூட்டிப்போனேன். பிறகு பார்க் வரை. கொஞ்ச நாளில் அவரையும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் விசில் ஊதினால் நாய் எவ்வளவு தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படியே குந்தி அவரைத் திரும்பிப் பார்க்கும். அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஒரு வருடத்தில் நாய் என் கைக்குப் பழகிவிட்டது.

வேட்டை நாய்களுக்கு இந்த நாட்டில் போட்டி வைக்கிறார்கள் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். வயல்வெளியில் பறவைகளைச் சுடுவார்கள். விழுந்த பறவையை நாய் தேடி எடுத்து, வாயில் பூப்போலத் தூக்கி வந்து, நடத்துபவரின் கையில் கொடுக்க வேண்டும். அதற்குக் கடிகாரமும் இல்லை, அளவு நாடாவும் இல்லை. நடுவர் பார்த்து, ஒரு சின்னப் புத்தகத்தில் ஏ என்றோ பி என்றோ எழுதுவார். பெரியவரே பல வருடம் நடுவராக இருந்தவர். ஒரு நடுவருக்கு வேகமான நாய் பிடிக்கும், இன்னொருவருக்கு நிதானமான நாய் பிடிக்கும், இரண்டும் சரிதான் என்பார். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் ஏஜென்சியிலிருந்து என் வேலையைப் பரிசோதிக்க வந்த ஒரு மேற்பார்வையாளர், "அமைதியானவர், நம்பிக்கையானவர்" என்று எழுதினார். அடுத்த வருடம் வந்தவர், "பேசுவதில்லை, முன்னேற வேண்டும்" என்று எழுதினார். இரண்டு முறையும் நான் ஒரே மாதிரித்தான் பெரியவருக்குத் தலைவாரிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாய்க்கு அப்போது ஆறு வயது. அதன் தாயும் தாயின் தாயும் அவர் வளர்த்தவை. அந்த வரிசையில் இன்னும் ஒரு முறை குட்டிகள் பிறக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஆசை. கென்ட் பக்கம் ஒரு அம்மாவிடம் நல்ல ஆண் நாய் இருந்தது. மாசி மாதம் சேர்ப்பது என்று பேசி வைத்திருந்தார். ஆனால் போட்டியில் ஒரு பரிசாவது எடுக்காத நாயிலிருந்து அவர் ஒருநாளும் குட்டி எடுத்ததில்லை. அதனால் நான் நடத்துவதாகச் சொல்லி நாயின் பெயரைப் போட்டிக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். அவர் ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். டூட்டிங்கில் ஒரு தமிழ் ஆளின் இறைச்சிக் கடையில் வெட்டுகிறார்.

"அம்பத்தொரு வயசிலை மனுசி வேட்டைக்குப் போறா. துவக்கும் தருவினமோ?"

"நாய் மட்டுந்தான்."

"அங்கை சனத்தோடை கதைக்க வேணுமே. நீ பக்கத்து வீட்டுக்காரிக்கே குட் மோர்னிங் சொல்லமாட்டாய்."

"நாய் கதைக்காதுதானே. அது எனக்குக் காணும்."

கார்த்திகை மாதக் கடைசிச் சனிக்கிழமை அது. அவருடைய பழைய காரில் நாயையும் அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். வயல் சேறாக இருந்தபடியால் சக்கர நாற்காலி இறங்கவில்லை. ஒழுங்கையோரம் காரை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, போர்வையைச் சுற்றிவிட்டேன். அங்கிருந்து அவருக்கு வெடிச் சத்தமும் விசில் சத்தமும் கேட்கும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

மாட்டுக்குப் போடும் கிழங்கு பயிரிட்ட வயலில் எல்லோரும் ஒரே வரிசையாக நடந்தோம். என் கையில் ஏழாம் இலக்கம் கட்டியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு மனிதரின் நாய் பறவையைக் கொண்டுவரும் வழியில் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்தது. நடுவர், "இலை ஈரம்" என்று தனக்குள் சொல்லி எதையோ எழுதினார். அரை மணித்தியாலம் கழித்து ஒரு பெண்ணின் நாயும் அப்படியே செய்தது. அப்போது வரிசையின் மற்றப் பக்கத்து நடுவர் அந்தப் பெண்ணிடம் நன்றி சொல்லி நாயை வார் போட்டுக் கூட்டிப்போகச் சொன்னார். அப்படிச் சொன்னால் நாய் போட்டியிலிருந்து வெளியே என்று அர்த்தம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள். வேலி தாண்டியதும் கண்ணைத் துடைத்தாள்.

எங்கள் நாய் முதல் இரண்டு பறவைகளையும் குறையில்லாமல் கொண்டுவந்தது. மூன்றாவது ஒரு பெசன்ட். எங்கள் ஊர்க் காட்டுக்கோழிக்கு வால் நீண்டது போலிருக்கும். தூரத்தில், வேலிக்கு அப்பால் விழுந்தது. நாய் இரண்டு முறை மணம் தவறி, என் விசிலுக்கு நின்று, கைகாட்டிய பக்கம் ஓடி எடுத்துக்கொண்டு வந்தது. நான் பறவையை வாங்கி நடுவரிடம் கொடுத்தேன்.

அவர் அதை உள்ளங்கையில் மல்லாக்க வைத்து, பெருவிரலாலும் மற்ற விரல்களாலும் இரண்டு பக்க விலாவையும் அமுக்கிப் பார்த்தார். இது எல்லாப் பறவைக்கும் செய்வதுதான். நாய் கடித்து நசித்திருந்தால் விலா எலும்பு உள்ளே அமிழும். அதை ஹார்ட் மவுத் என்பார்கள். அதற்கு மன்னிப்பு இல்லை. அது இரத்தத்தில் வருவது என்று நம்புகிறார்கள். அப்படிப்பட்ட நாயிலிருந்து யாரும் குட்டி எடுக்கமாட்டார்கள்.

அவர் மறுபடி அமுக்கினார். மற்ற நடுவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவர் தோளைக் குலுக்கி எதையோ மெதுவாகச் சொன்னார். பிறகு பறவை என் கைக்கு வந்தது. நடத்துபவரும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம்.

இருபத்தைந்து வருடமாக முழுக்கோழி வாங்கித் துண்டு போடுகிறவள் நான். பறவை இன்னும் சூடாக இருந்தது. வலது பக்கம் உறுதி. இடது பக்கம், முதுகுக்கு அருகில், ஓர் இடம் மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்தது. சூழவுள்ள எலும்புகள் சரியாக நின்றன. வாயால் நசித்தால் இப்படி ஒரு புள்ளியில் நெகிழாது என்று என் விரலுக்குத் தெரிந்தது.

"உமக்கும் அப்படித்தானே?" என்று நடுவர் கேட்டார். நல்ல மனிதர். குரலில் கடுமை இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது யோசித்தால், அவருக்கே நிச்சயமில்லாமல்தான் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார்.

"யெஸ் சேர். சொறி சேர்," என்றேன்.

எங்கள் வேலைக்குப் பயிற்சி தருகிறபோது முதல் சொல்வதே, வீட்டுக்காரரோடு எதிர்த்துப் பேசாதே என்பதுதான். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் அதைப் பழகியிருந்தேன். டை கட்டிய ஒருவர் தயவாகக் கேட்டால் என் வாய் தானாக ஓம் என்றுவிடும். நான் வார் போட்டேன். நாய் வாலை ஆட்டிக்கொண்டு என்னோடு வந்தது.

வண்டியில் பறவைகளைக் கட்டித் தொங்கவிடும் ஆள், அந்தப் பெசன்ட்டை வேறாக எறிந்திருந்தார். "இதைக் கடைக்குக் கொடுக்க ஏலாது. வேணுமெண்டால் கொண்டு போங்கோ," என்பது போல என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை.

காரில் பெரியவரிடம் சொன்னேன். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். நினைக்கும்போது என் காதில் அது எங்கள் தமிழாகவே கேட்கிறது.

"நீர் தொட்டுப் பார்த்தீரோ?"

"ஓம்."

"சரியெண்டு ஒத்துக்கொண்டீரோ?"

"ஓம்."

அவர் கார்க் கண்ணாடியை மேலே ஏற்றினார். பின் சீற்றில் நாய் நித்திரை கொண்டது.

அன்று பின்னேரம் என் கணவர் குசினியில் பேப்பர் விரித்து, பறவையின் இறகைப் பிடுங்கித் தோலை உரித்தார்.

"இதுவோ அந்தக் களவாணிப் பெட்டை கடிச்ச கோழி? எங்கை காயம்?"

"இடப்பக்கம் பாருங்கோ."

விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தார். பகிடி நின்றுவிட்டது. கத்தி நுனியை விட்டு ஒரு சின்ன ஈயக் குண்டை எடுத்துச் சோசரில் போட்டார்.

"இஞ்சேரப்பா, இது பல்லில்லை. குண்டு பட்டு ரெண்டு எலும்பு உடைஞ்சிருக்கு. ரத்தம் குண்டைச் சுத்தி மட்டுந்தான் கன்றியிருக்கு. கடிச்சால் தோல் முழுக்கக் கன்றிப் போகும், மற்றப் பக்கமும் நசியும். ஆர் சொன்னது நாய் கடிச்சதெண்டு?"

"ஜட்ஜ்."

"வெட்டிப் பாத்தவரோ?"

"தடவிப் பாத்தவர்."

"நீ சொல்லியிருக்கலாமே. உனக்கு ஆட்டெலும்பே தொட்டால் தெரியுமே."

நான் சட்டியை அடுப்பில் வைத்தேன். "கேட்டவர். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

அவர் கத்தியைக் கழுவினார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விலாக் கூட்டை அவித்து, சதையெல்லாம் எடுத்து, மார்ஜரின் டப்பா ஒன்றில் குண்டோடு சேர்த்து வைத்துத் திங்கட்கிழமை கொண்டு போனேன். பெரியவர் ஓட்ஸ் சாப்பிட்டு முடிய, டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். உடைந்த இரண்டு எலும்பையும் தொடவில்லை.

"மூடும்," என்றார்.

"சேர், இது குண்டு—"

"எனக்குத் தெரியுது. எத்தினையோ நாயை நான் இதுக்காக வெளியிலை அனுப்பினனான். ஒரு பறவையையும் வெட்டிப் பார்த்ததில்லை. ஆரும் வெட்டுறதில்லை. பெருவிரல்தான் சொல்லும்." டப்பாவின் மூடியை என் பக்கம் தள்ளினார். "உம்மடை பெருவிரல் என்ன சொன்னது? அண்டைக்கு, அந்த இடத்திலை."

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. "நாயிலை பிழையில்லை எண்டு சொன்னது."

"பிறகு ஏன் ஓமெண்டு சொன்னனீர்?"

"அவர் நடுவர். அதாலை."

அந்த நான்கு வருடத்தில் அவர் என்னைக் கோபித்தது அன்று ஒரு நாள்தான். மேசையை அடித்தார். அப்படியென்றால் நாயை வெளியில் அனுப்பியது நான்தான், நடுவர் இல்லை என்றார். அது உண்மை. நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அவருடைய முகம் மெல்ல மாறியது. கோபம் போய், வேறு எதையோ எண்ணிப் பார்ப்பவர் போலானார்.

"நான் பறவையைக் கையிலை குடுத்த ஆக்களும் ஓமெண்டுதான் சொன்னவை," என்றார். "ஒருத்தர்கூட இல்லையெண்டு சொன்னதில்லை. அதை வைச்சுத்தான் நான் நிம்மதியா வீட்டை போனனான்."

ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். தோட்ட வேலைக்காரர், அதிகம் பேசாதவர். அவருடைய நாயை இவர் ஹார்ட் மவுத் என்று அனுப்பினார். அந்த மனிதர் பறவையைத் தடவிப் பார்த்து, தொப்பியைக் கழற்றி, ஓம் ஐயா என்றாராம். அடுத்த பருவத்தில் நாய் எங்கே என்று கேட்டபோது, சுட்டுப் புதைத்துவிட்டதாகச் சொன்னாராம். அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்கள் என்றார். அதன்பின் மருந்தை நீட்டினேன். குடித்தார்.

அடுத்த நாள் கென்ட் அம்மாவுக்கு அழைக்கச் சொன்னார். நான் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். எலும்பையும் குண்டையும் பற்றி அவர் முழுவதும் சொன்னார். சொல்லும்போது அவருக்கு மூச்சு முட்டியது. அந்த அம்மா கடைசி வரை கேட்டார். தான் நம்புவதாகச் சொன்னார். ஆனால் குட்டி வாங்க வருபவர்கள் நம்பமாட்டார்கள், சனிக்கிழமையே இரண்டு பேர் தனக்குச் சொல்லிவிட்டார்கள், தன் நாயின் பெயரையும் பார்க்க வேண்டும், குறை நினைக்க வேண்டாம் என்றார்.

"சரி. நீர் சொல்லுறது சரி," என்றார் பெரியவர். "நானாயிருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

நடுவருக்குக் கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். தீர்ப்பை வயலில் சொன்னபிறகு மாற்றுவதில்லை என்றார். அதோடு, நீர்தானே ஒத்துக்கொண்டீர் என்று அந்த மனிதர் திருப்பி எழுதினால் என்ன செய்வது என்றார்.

மாசி மாதம், அவர் கணக்குப் பார்த்து வைத்திருந்த அதே கிழமையில், நாய் பருவத்துக்கு வந்தது. வீடெல்லாம் சொட்டுச் சொட்டாக இரத்தம். பழைய படுக்கை விரிப்புகளை நிலத்தில் விரித்தேன். மூன்று கிழமை அதைப் பார்க்குக்குக் கொண்டு போக முடியாது. ஆண் நாய்கள் வரும். காலை இருட்டோடு குறுகிய வாரில் பிடித்து, கராஜ்களுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் மட்டும் நடத்தினேன். அது இழுத்து இழுத்து நின்று, தெருப் பக்கம் முகத்தை நீட்டி மணம் பிடிக்கும். ஒரு நாள் ஒரு பழுப்பு நாய் எங்கள் பின்னால் வந்தது. நான் குடையால் விரட்டினேன். விரட்டிவிட்டு வீட்டுப் படியில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

நாலாம் கிழமை விரிப்புகளை எடுத்துத் துவைக்கப் போட்டேன். மெஷின் சத்தம் கேட்டு அவர் அறைக்குள்ளிருந்து கேட்டார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது சேர்."

"அப்ப நாளைக்குப் பார்க்கிலை அவிட்டு விடும்," என்றார். "பாவம், ஓடட்டும்."