சாட்சிக்கு வைத்த கழுத்து

பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு நடும் கதியால் தடியால் என் கழுத்தில் அடித்தபோது நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சண்டை என்னுடையது அல்ல. உரும்பிராயில் என் அண்ணையின் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் நடுவே இருந்த கிளுவை வேலி, அடைக்கும்போதெல்லாம் ஒரு சாண் இங்கும் அங்கும் நகரும். அன்று காலை அவர் புதுக் கதியால் நட வந்தார். அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். சும்மா நில். ஆள் இருக்கெண்டு தெரிஞ்சால் காணும்."

நின்றேன். அண்ணை அந்த மனிதரின் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அடி அண்ணைக்குத்தான் வந்தது. அண்ணை குனிந்தார். பின்னால் நின்ற நான் குனியவில்லை.

எலும்பு முறியவில்லை, தசைதான் என்று ஆஸ்பத்திரியில் குளிசை தந்து அனுப்பினார்கள். அண்ணை நேரே பொலிசுக்குப் போனார். அவர்கள் விஷயத்தை, கோட்டுக்குப் போகாமல் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபைக்குத் தள்ளிவிட்டார்கள்.

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அடித்த அடியோடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். பிறகு வன்னியில் மரம் ஏற்றினேன், கொழும்பில் கொத்துரொட்டி போட்டேன், மயிலிட்டித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்தேன். போன இடமெல்லாம் அடி வாங்கியும் இருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். வீங்கும், பிறகு வற்றும். இது வற்றவில்லை. இடப்பக்கம் பார்ப்பதற்கு லொறியைத் திருப்புவது போல முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. மயிலிட்டியில் நான் வேலை செய்த படகுகளின் சொந்தக்காரர், சம்மாட்டி, ஆள் அனுப்பியிருந்தார். கழுத்து நேரானால் வரட்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லச் சொன்னாராம். அண்ணை வீட்டுச் சோறு எவ்வளவு நாளைக்கு இறங்கும் என்பது எனக்குத் தெரியும். எனக்குக் கழுத்து வேண்டும்.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், அலுமாரியிலிருந்து ஒரு மெஷினை எடுத்து வந்தார். கனடாவிலிருக்கும் அவருடைய தமையன் அனுப்பியது. மாட்டின் நுகத்தைப் பாதியாக வெட்டி வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்தது போல இருந்தது. உள்பக்கம் இரண்டு உலோகத் தட்டுகள். கழுத்தை ஈரப்படுத்தி, தட்டுகள் பிடரியில் படும்படி மாட்டி, பொத்தானை அமத்த வேண்டும். அமத்தும்போதெல்லாம் உள்ளே இருந்து ஒரு வெள்ளைக்காரி இங்கிலீசில் ஏதோ சொல்வாள். கரண்ட் கூடும். முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு யாரோ நகத்தால் கிள்ளினார்கள். இன்னும் கூட்டியபோது தசை என்னைக் கேளாமலே துள்ளியது. தோள் காது வரை எழும்பியது, பல்லோடு பல் அடித்தது. மயிலிட்டியில் சுறாவைத் துண்டு போட்ட பிறகும் துண்டு பலகையில் கிடந்து துடிக்கும். அதே துடிப்பு.

கழற்றிய பிறகு உடம்பைத் திருப்பாமல் கிணற்றடியைப் பார்த்தேன். மச்சாள் சிரித்தார்.

அடுத்த சில நாட்களும் போட்டேன். சாப்பிடும்போது அண்ணை கவனித்துவிட்டார்.

"என்னடா, கழுத்து திரும்புது?"

"மச்சாளின்ரை மெஷின்."

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "இணக்கசபை முடியுமட்டும் உதைத் தொடாதை. கழுத்து நேராய் இருந்தால் உவன் அடிக்கவேயில்லை எண்டுவான்."

"மனிசன் நோவிலை முனகுது, உங்களுக்கு வேலி," என்றார் மச்சாள்.

"வாயை மூடு. உன்ரை கொண்ணன் அனுப்பின சாமானாலை என்ரை காணி போகப்போகுது."

அதற்குப் பிறகு மத்தியானங்களில்தான் போட்டேன். அண்ணை வெங்காயத் தோட்டத்துக்கு மோட்டர் போட்டுத் தண்ணி பாய்ச்சப் போனதும் மச்சாள் அலுமாரியைத் திறப்பார். ஒரு நாள் கரண்ட் நின்று, மோட்டர் நின்று, அண்ணை பாதியில் வந்துவிட்டார். மெஷினுக்குக் கரண்ட் வேண்டாம், அதற்குள் பற்றரி; வெள்ளைக்காரி கதைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே அவருடைய குரல் கேட்டது.

"ஆரடா உள்ளுக்கை பொம்பிளை?"

கதவை உதைத்துத் திறந்தார். கையில் மண்வெட்டி. என் பல் அடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. முதலில் கட்டிலுக்குக் கீழே பார்த்தார். பிறகுதான் என் கழுத்தைப் பார்த்தார். மெஷினைப் பிடுங்கிச் சீமெந்தில் அறைந்தார். பொத்தான் இறுகி வெள்ளைக்காரி விடாமல் கதைத்தாள்.

"சோறு போடுறது நான். இணக்கசபை முடியுமட்டும் உது என்ரை கழுத்து!"

மண்வெட்டிப் பிடி அதே இடத்தில் இறங்கியது. கண் இருட்டியது. இருட்டிலேயே என் முட்டியை அவர் வாயில் குத்தினேன். உதடு பிளந்தது. என் தலையைச் சுவரோடு இடித்தார், நான் அவர் கையைக் கடித்தேன். மச்சாள் நாய்களைப் பிரிப்பது போல ஒரு வாளித் தண்ணீரை எங்கள் மேல் ஊற்றினார். நிலத்தில் கிடந்த வெள்ளைக்காரி தண்ணீர் பட்டதும் கதைப்பதை நிறுத்தினாள்.

இணக்கசபை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. அண்ணை தையல் போட்ட உதட்டோடு எழும்பினார்.

"பாருங்கோ ஐயா, தம்பியாலை கழுத்தைத் திருப்பேலாது. உவன் அடிச்ச அடி."

பக்கத்து வளவுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் இருந்த முதியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்த வீக்கம் இவர் அடிச்சதோ?"

முழு உடம்பையும் திருப்பி அண்ணையைப் பார்த்தேன்.

"அவர் அடிச்ச நோ மாறிக்கொண்டு வந்தது ஐயா. உது அண்ணை அடிச்சது."

அண்ணை பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வாங்கைத் தூக்கினார். அது என் மேல் விழுமுன் அவருடைய கையை மடக்கிப் பிடித்தவர் பக்கத்து வளவுக்காரர்தான். "விசரே உனக்கு? சொந்தத் தம்பியையோ அடிக்கிறாய்?" என்று கத்தினார். அடுத்து இருவரும் நிலத்தில் கிடந்தார்கள். சபைக்காரர்கள் கதிரைகளோடு பின்னால் நகர்ந்தார்கள். நான் வெளியே வந்து பஸ் ஏறினேன். கடைசியில் கதியால் எங்கே நடப்பட்டது என்று இதுவரை நான் கேட்கவில்லை.

மயிலிட்டியில் சம்மாட்டி என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.

"நேராகேல்லையே?"

"வலப்பக்கம் நேர்."

"அப்ப வலத்தோளிலை தூக்கு," என்று ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார்.