இடி டூட்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கோடையின் முதல் மழை பெய்த ஒரு சனிக்கிழமை மாலை, லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது.

என் மனைவி வளைகுடா நாடொன்றில் நர்ஸாக இருக்கிறாள். அப்போது வீட்டில் நானும், பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகளும் மட்டும்தான். அவள் அம்மா இங்கே இருந்தவரை மூன்று பேரும் பேசினோம். அவள் விமானம் ஏறியதும் பேச்சும் அவளோடு போய்விட்டது போலிருந்தது. நான் அலுவலகத்திலிருந்து வருவேன், சாப்பாடு எடுத்து வைப்பேன், மகள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். யாருடன் சிரிக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

அந்த அறையில் அவளே எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக் கடைகளில் பழைய பாகங்களாகத் தேடி வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. பிராசஸருக்கு விதித்த வேகத்துக்கு மேல் அதை ஓட வைப்பதற்கு ஓவர்க்ளாக்கிங் என்று பெயர், இணையத்தில் அதற்குப் போட்டியெல்லாம் நடக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். விதித்த வேகத்தில் போனால் போதாதா என்று கேட்டேன். "உனக்குப் போதும்ப்பா" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வாரம் அவள் முகம் சரியில்லை. நான்கைந்து பேர் சேர்ந்த அவர்கள் குழு ஒரு போட்டியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இவளுடைய பங்கை அனுப்ப வேண்டும். ஆனால் வேகத்தை மாற்றும் இடமெல்லாம் திரையில் சாம்பல் நிறமாகிவிட்டது. தொட்டால் அசையவில்லை. மதர்போர்டுக்குள் பயாஸ் என்றொரு சின்ன மென்பொருள் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் ஓடுவது அதுதான். அதன் புதிய பதிப்பு தானாக ஏறி உட்கார்ந்து, வேகத்தைக் கூட்டும் வழியைப் பூட்டிவிட்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிப் பார்த்தாள், மதர்போர்டிலிருக்கும் பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். கடைசியில் பழைய பதிப்பையே மறுபடி ஏற்றுவது என்று முடிவு செய்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் நாங்கள் நீலசந்திராவில் இருந்தோம். பக்கத்து வீட்டு டிவி ஒரு மின்னலில் வெடித்துப் புகைந்ததை நேரில் பார்த்தேன். அன்றிலிருந்து இடிச் சத்தம் கேட்டால் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். மகள் சின்னவளாக இருந்தபோது அதற்கு 'இடி டூட்டி' என்று பெயர் வைத்தாள். டிவி அவள் பொறுப்பு, ஃப்ரிட்ஜ் என் பொறுப்பு. இடி இடித்ததும் "அப்பா, டூட்டி" என்று கத்திக்கொண்டு ஓடுவாள். பிறகு வளர்ந்துவிட்டாள். டூட்டி என்னிடம் மட்டும் தங்கிவிட்டது.

அன்று மாலை வானம் இருட்டியது. துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓடும்போது, கம்ப்யூட்டரைத் தொடாதேப்பா என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சரி என்றேன். அடுத்த நிமிடம் ஜன்னல் அதிர ஒரு இடி. டிவியைப் பிடுங்கினேன், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அப்புறம் அவள் அறை. திரையில் ஒரு பட்டை பாதி நிறைந்திருந்தது. அதன் கீழே சிவப்பு எழுத்தில், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. படித்தேன். அர்த்தமும் புரிந்தது. அதற்குள் வெளியே பளீரென்று வெட்டியது. படித்துக்கொண்டிருக்கும்போதே கை பிடுங்கிவிட்டது.

அவள் துணிமூட்டையோடு வந்து நின்றாள். துணியைக் கட்டிலில் போட்டாள். பிளக்கைச் சொருகி பட்டனை அழுத்தினாள். பெட்டிக்குள் விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள். கறுப்பு.

"போட்டிருந்ததைப் படிக்கலையாப்பா?"

"இடி இடிச்சுதும்மா."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜையில் எதையோ தேடி எடுத்தாள், ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள், கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓடினேன். கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. மேலே வந்து போன் செய்தால் மணி அவள் கட்டிலில் அடித்தது. நான் சார்ஜரைப் பிடுங்கிய இடத்திலேயே போன் கிடந்தது.

குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். சாலையில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. ஒரு மரக்கிளை ஒடிந்து ஆட்டோ மேல் விழுந்திருந்தது. பேக்கரிக்காரரிடம், ஸ்கூட்டரில் ஒரு பெண் போனாளா என்று கேட்டேன். "எத்தனையோ ஹுடுகிங்க போறாங்க சார், மழையில மூஞ்சி எங்க தெரியுது. ஸ்வல்ப நில்லுங்க, அந்தப் பக்கம் அண்டர்பாஸ்ல தண்ணி நிக்குது" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். அண்டர்பாஸ் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அது வரை போய்ப் பார்த்தேன். அங்கே ஸ்கூட்டர் எதுவும் இல்லை. அதில் நிம்மதி வந்ததா, பயம் கூடியதா என்று சொல்லத் தெரியவில்லை.

வீடு திரும்பியபோது கரண்டும் இல்லை. அந்த நேரம் பார்த்து மனைவி வீடியோ காலில் வந்தாள். மகள் எங்கே என்றாள். குளிக்கிறாள் என்றேன்.

"மழையில குளிர்ந்து கெடக்கும்போது குளிக்கிறாளா? உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"கரண்ட் இல்ல. மெழுகுவத்தி வெளிச்சம். அதான்."

"இடி இடிச்சிருக்குமே. எல்லாத்தையும் பிடுங்கியாச்சா?" என்று சிரித்தாள். பிடுங்கியாச்சு என்றேன்.

போனை வைத்த பிறகு போலீஸ் ஸ்டேஷன் போகலாமா என்று யோசித்தேன். போனால் என்ன கேட்பார்கள் என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். யார் வீட்டுக்குப் போயிருப்பாள், நெருங்கிய தோழி யார், எங்கே போய் உட்காருவாள். ஒரே கூரைக்கு அடியில் இருந்த பெண்ணின் ஒரு நண்பர் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டால் போதும், பெண் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்பெல்லாம் வந்த பெட்டியைத்தான் நான் கொன்றிருந்தேன். அவள் அறையில், மடிக்காத துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். நான் எத்தனையோ முறை பயந்திருக்கிறேன். பயத்தைச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் பயந்தது அன்றுதான்.

கரண்ட் வந்து சற்று நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. தலை முதல் கால் வரை நனைந்து வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பென் டிரைவ். என் முகத்தைப் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"என்னப்பா? கோச்சிக்கிட்டு ஓடிட்டேன்னு நினைச்சியா? காக்ஸ் டவுன் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கயும் கரண்ட் போயிடுச்சு. வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

மதர்போர்டின் பின்பக்கம் சின்னதாக ஒரு பட்டன் உண்டாம். திரை எழும்பாவிட்டாலும், பழைய பதிப்புள்ள பென் டிரைவைச் சொருகி அந்தப் பட்டனை அழுத்தினால் பயாஸ் தன்னைத் தானே எழுதிக்கொள்ளுமாம். ஆனால் அதற்கு ஃபைலின் பெயரை அந்த போர்டு கேட்கிறபடி மாற்ற வேண்டும். மாற்ற இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். அதற்குத்தான் போயிருக்கிறாள். போகிற அவசரத்தில் என்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நாங்கள் அந்த வழக்கத்தை விட்டு வெகு நாளாகியிருந்தது.

தலையைக்கூடத் துவட்டாமல் பென் டிரைவைச் சொருகிப் பட்டனை அழுத்தினாள். பின்பக்கம் ஒரு சிறு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அது நிற்கும்வரை மின்சாரம் போகக்கூடாது. அப்போது தூரத்தில் மறுபடி இடி உறுமியது. என் உடம்பு தானாக எழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, கொஞ்சம் கேலி இருந்தது.

"அப்பா, டூட்டி. இந்த வாட்டி யாரும் பிடுங்காம பாத்துக்கோ. உன்னையும் சேத்துத்தான்."

சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இடி கிட்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் கை தூக்கிப் போட்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கரண்ட் போய்விடக்கூடாது என்று அன்று வேண்டிக்கொண்டதுபோல் வேறெதற்கும் வேண்டிக்கொண்டதில்லை. விளக்கு சிமிட்டுவது நின்றது. அவள் அதை இயக்கினாள். கொஞ்ச நேரம் கறுப்பு, பிறகு திரை வெளுத்தது. சாம்பலாக இருந்த வரிகள் வெள்ளையாக மாறியிருந்தன. "திறந்துடுச்சு" என்றாள், என்னிடமா கம்ப்யூட்டரிடமா தெரியவில்லை.

பிறகு கதவு வழக்கம்போல் சாத்திக்கொண்டது. ஹாலில் உட்கார்ந்து துணி மடித்தேன். உள்ளே அவள் யாரிடமோ இந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பது கேட்டது. நடுவில் 'அப்பா' என்ற ஒரு சொல் மட்டும் தமிழில் வந்தது. மறுநாள் சாப்பாட்டின்போது, அவள் பேசிச் சிரிக்கும் அந்த நண்பர்கள் யார் என்று கேட்டேன். ஒருத்தி சேலம், ஒருவன் ஹூப்ளி என்று ஊரோடு பெயர்களைச் சொன்னாள். அந்தப் பெயர்களை இன்னும் மறக்கவில்லை.

இப்போது அவள் ஹைதராபாத்தில் வேலையில் இருக்கிறாள். கம்ப்யூட்டரையும் கொண்டுபோய்விட்டாள். இடி இடித்தால் டிவி, ஃப்ரிட்ஜ் என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே வருகிறேன், அவள் அறை வாசலில் மட்டும் கால் நின்றுவிடுகிறது. பதில் சொல்ல உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும், கதவைத் தட்டி, பிடுங்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று அந்த மாலை என் கைக்குச் சொல்லிக் கொடுத்ததை மீற எனக்கு மனம் வருவதில்லை.