முன்சில்லில் போட்ட ரயர்

வவுனியாவுக்கு இந்தப் பக்கம் புதிய ரயர் வருவது நின்று பல வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. பற்றறியும் சீமெந்தும் உரமும்போல ரயரும், சண்டையைச் சொல்லி அரசாங்கம் போட்ட தடைப்பட்டியலில் இருந்தது. உள்ளே இருந்த வாகனங்கள் இருந்த ரயர்களோடு ஓடின. நூல் தெரிந்தால் தைத்து ஓடின. தையல் விட்டால் மறுபடியும் தைத்து ஓடின. அதைப்பற்றி யாரும் பெரிதாக முறைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. எல்லோரும் முறைப்பட்டுக் களைத்துப்போன பிறகுதான் எனக்கு விவரம் தெரிய வந்தது போலிருக்கிறது.

நாங்கள் விசுவமடுவில் இருந்தோம். அப்பா வாடகைக்கு ஆளும் சாமானும் ஏற்றி ஹயர் ஓடினார். ஒரு மூடி பெற்றோல் ஊற்றி இருமவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுகிற கிழட்டுக் கார் அவருடையது. அது தெருவில் போனால் பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதன் நான்கு சில்லுகளிலும் இருந்தவற்றை ரயர் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான்.

அவற்றில் ஒன்று வயிறு தள்ளத் தொடங்கியபோது அப்பா அதைக் கழற்றிச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ரயர் தைக்கிறவரிடம் போனார். நானும் முன்பாரில் இருந்து போனேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ரயர்க்காரர் யாழ்ப்பாணத்தில் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்து இடம்பெயர்ந்து வந்தவர். எங்கள் சந்தியில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்து, வேறொரு செத்த ரயரில் வெட்டிய துண்டை உள்ளே வைத்து, மீன்வலை நூலால் இழுத்து இழுத்துத் தைப்பார். அன்று வேலை முடிந்ததும் அவர் ரயரை ஒருதரம் உருட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"அண்ணை, இதை முன்னுக்குப் போட்டிடாதேங்கோ. பின்னுக்கெண்டால் கொஞ்ச நாளைக்கு ஓடும். முன்னுக்கு வெடிச்சால் ஸ்ரியறிங் உங்கடை சொல்லுக் கேளாது."

அப்பா "ஓம், ஓம்" என்றார். நான் கொட்டில் வாசலில் நின்று ஒரு ரியூப் துண்டை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். ஸ்ரியறிங் சொல்லுக் கேளாது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டில் சொல்லுக் கேளாதவள் என்று பெயர் வாங்கியவள் நான்தான்.

வீட்டுக்கு வந்த அப்பா மற்ற மூன்று ரயர்களையும் குனிந்திருந்து பார்த்தார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவினார். நெடுநேரம் அப்படி இருந்துவிட்டு, தைத்துவந்த ரயரைக் கொண்டுபோய் வலதுபக்க முன்சில்லில் பூட்டினார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு கருவாட்டு வியாபாரி அப்பாவைக் கூப்பிட்டார். முள்ளிவாய்க்காலில் சாக்குகளை ஏற்றிக்கொண்டு தர்மபுரத்தில் இறக்க வேண்டும். பள்ளிக்கூடம் விடுமுறை, கடல் பார்க்கவேண்டும் என்று அழுது நானும் ஏறிக்கொண்டேன். கடலை ஐந்து நிமிடம் பார்த்தேன். மீதி நேரமெல்லாம் சாக்கு ஏற்றினார்கள். டிக்கிக்குள், பின்சீற்றில், கூரையில் என்று வைத்து முடித்தபோது கார் நிலத்தோடு ஒட்டி நின்றது. திரும்பி வரும்போது பின்சீற்றில் சாக்குகளுக்கும் கதவுக்கும் இடையில் எனக்கு ஒரு சாண் இடம் கிடைத்தது.

புதுக்குடியிருப்பைக் கடந்து உடையார்கட்டுக்குக் கிட்ட வந்தபோது பெரிய சத்தம் ஒன்று கேட்டது. "ஷெல்" என்று சொல்லிக்கொண்டு முன்சீற்றில் இருந்த வியாபாரி தலையைக் கவிழ்த்தார். நானும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். பள்ளிக்கூடத்தில் எங்களை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கார் வலதுபக்கமாக இழுத்துக்கொண்டு போவதும் எதிலோ மோதுவதும் உடம்புக்குத் தெரிந்தன. அடுத்த ஷெல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

தலையைத் தூக்கியபோது கார் வீதியின் மறுபக்கத்தில் மூக்கைப் பள்ளத்துக்குள் விட்டபடி நின்றது. வெளியே விறகு சிதறிக் கிடந்தது. விறகுக்குள் ஒரு சைக்கிள். சைக்கிளுக்கு அடியில் ஒரு மனிதர். எதிரே வந்துகொண்டிருந்தவர். அப்பா விறகை அள்ளி எறிந்துகொண்டிருந்தார். அந்த மனிதர் கத்தவில்லை. "சைக்கிள் வளைஞ்சிருச்சாங்க?" என்று அப்பாவைக் கேட்டார். தன் கால் எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது என்பதை அவர் இன்னும் பார்க்கவில்லை.

வழியில் வந்த உழவு இயந்திரத்தில் அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது.

அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். காட்டுக்கரையில் பட்டவிறகு வெட்டி, புதுக்குடியிருப்பில் ஒரு பேக்கரிக்குச் சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவதுதான் அவருடைய சீவியம். மூன்று பிள்ளைகள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருடைய மனைவி முறைப்பாடு கொடுத்தார்.

எங்கள் பகுதியில் சின்னப் பிணக்குகளைத் தீர்த்துவைக்க மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். கிழமைக்கு ஒருநாள் வாசிகசாலையில் கூடுவார்கள். எல்லைவேலியும் பயிர் மேய்ந்த மாடுகளும்தான் வழக்கமாக அவர்கள் முன்னால் வரும். ரயர் வெடித்த வழக்கு அவர்களுக்கு அதுதான் முதல். காரில் இருந்த எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் நானும் போகவேண்டியதாயிற்று.

அன்று காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா, ரயர்க்காரர் அப்பாவிடம் ஏதும் சொன்னவரா என்று கேட்டார். அவர் சொன்னதை நான் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். அம்மாவின் கை நின்றது. பிறகு பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டிவிட்டு, "சின்னப் பிள்ளையளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறேல்லை" என்றார். எனக்கு நல்ல ஞாபகசக்தி என்று அதற்கு முந்தின கிழமைதான் அயல்வீடுகளில் சொல்லித் திரிந்திருந்தார்.

சபையின் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எல்லாவற்றையும் மெதுவாக எழுதுகிறவர். அப்பா சொன்னதையும் எழுதினார். வேகமாக ஓடவில்லை, ரயர் வெடித்தது, புது ரயர் வாங்க எங்கே போவது. கருவாட்டு வியாபாரியும் வேகமில்லை என்றார். சாக்குகளைப்பற்றி அவர் அதிகம் பேசவில்லை. தபாலதிபர் பேனையை வைத்தார்.

"ரயர் வரவிடாமல் மறிச்சவையை இந்த மேசைக்கு முன்னாலை கூப்பிட எங்களாலை ஏலாது. எங்களுக்குத் தெரியவேண்டியது ஒண்டுதான். வெடிக்கும் எண்டு தெரிஞ்சு போட்டதோ, தெரியாமல் போட்டதோ? தெரியாமல் எண்டால் அது ஒருத்தற்றை பிழையுமில்லை."

தையல் பிழை என்று தன்மேல் வந்துவிடும் என்ற பயத்தோடு ரயர்க்காரர் ஒரு மூலையில் நின்றார். முன்னுக்குப் போடவேண்டாம் என்று தான் சொன்னதாகச் சொன்னார். அப்படி எதுவும் தனக்கு ஞாபகமில்லை என்றார் அப்பா. ரயர்க்காரர் என் பக்கம் கையைக் காட்டி, "பிள்ளையும் பக்கத்திலை நிண்டது" என்றார்.

தபாலதிபர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, ரயர்க்காரர் அப்பாவோடை என்ன கதைச்சவர்?"

வாங்கில் இருந்த விறகுக்காரரின் மனைவி என்னைப் பார்த்தார். மடியில் இருந்த கைக்குழந்தையும் பார்த்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஞாபகமில்லை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பவும் சொன்னேன்.

"விடுங்கோ ஐயா. அதுக்கு என்ன வயசு" என்றார் ரயர்க்காரர்.

அப்போது அப்பா எழுந்து நின்றார்.

"அவர் சொன்னவர் ஐயா. வடிவாச் சொன்னவர். நான்தான் முன்னுக்குப் போட்டனான்."

ஏன் போட்டீர்கள் என்று தபாலதிபர் கேட்டார்.

"மற்ற மூண்டும் இதைவிட மோசம்."

"அப்பிடியெண்டால் காரை எடுக்காமல் விட்டிருக்கலாமே?"

அப்பா யோசித்தார். அந்த யோசனை அப்போதுதான் முதன்முதலாக அவருக்கு வந்ததுபோல இருந்தது.

"ஓம். விட்டிருக்கலாம்" என்றார்.

என்ன வேண்டும் என்று விறகுக்காரரின் மனைவியைக் கேட்டார்கள். அவர் எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "யாரையும் புடிச்சு அடைக்க வேணாங்க. அவரு காலு ஊனுற வரைக்கும் பேக்கரிக்கு வெறகு யாரு கொண்டுபோறது? அத மட்டும் சொல்லுங்க." தபாலதிபர் மற்ற இருவரோடும் தலையைச் சேர்த்துக் கதைத்துவிட்டு, அதையே தீர்ப்பாக எழுதினார். விறகுக்காரரின் கால் நிலத்தில் ஊன்றும் வரைக்கும் அவருடைய வேலையை அப்பா செய்ய வேண்டும். பேக்கரி கொடுப்பது அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. பிழை எங்கே என்பதை நான் சைக்கிள் முன்பாரில் இருந்தபடியே கண்டுபிடித்திருந்தேன். 'ஞாபகமில்லை' என்று சொன்னது போதாது. 'சொல்லேல்லை' என்று அடித்துச் சொல்லியிருந்தால் அப்பா எழுந்திருக்க வேண்டி வந்திராது. நான் பாதிப் பொய்தான் சொன்னேன். அதனால்தான் அப்பா மாட்டிக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து கார் நான்கு கல்லின்மேல் நின்றது. அப்பா விடியமுதல் கோடாலியோடு போவார். காட்டுக்கரையில் வெட்டி, கட்டி, சைக்கிளில் ஏற்றி, பெரும்பாலும் உருட்டிக்கொண்டே புதுக்குடியிருப்பு வரை போய் இறக்கிவிட்டு, விறகுக்காரர் வீட்டுக்குப் போய்ப் பேக்கரிக் காசைக் கொடுத்துவிட்டு வருவார். பிறகு எங்கள் சோற்றுக்காக யாரோ ஒருவருடைய வயலுக்கோ தோட்டத்துக்கோ போவார். பதினைந்து வருடம் ஸ்ரியறிங்கை மட்டும் பிடித்த கைகள். முதல் மாதம் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அம்மா தேங்காயெண்ணெய் பூசிவிடுவார். பூசும்போதே அப்பா நித்திரையாகிவிடுவார்.

"ஒரு வார்த்தையாலை வந்த வினை" என்று அம்மா ஒருநாள் பெருமூச்சு விட்டார். அது என்னுடைய வார்த்தை என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனேன்.

நான்கு மாதம் போயிற்று. மழையும் வந்து போயிற்று. ஒரு பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்குப் போகாமல் தபாலதிபரின் வீட்டுக்குப் போனேன். அவர் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, எனக்கு இப்ப ஞாபகம் வந்திட்டுது. ரயர்க்காரர் அப்பாட்டை ஒண்டும் சொல்லேல்லை."

அவர் வாளியைக் கீழே வைத்தார். என்னை யாராவது அனுப்பினார்களா என்று பார்ப்பவர்போலப் படலைப் பக்கம் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

"அந்த வழக்கு போன மாதமே முடிஞ்சுது பிள்ளை. அந்த மனிசன் விறகுச் சைக்கிள் உருட்ட ஏலாட்டிலும், ஒரு பக்கம் சாய்ஞ்செண்டாலும் கால் ஊண்டி நடக்குது. உன்ரை அப்பரிட்டை நான் அப்பவே சொல்லிப்போட்டன், இனிப் போகத் தேவையில்லை எண்டு."

நான் ஓடிவந்தேன். அப்பா அப்போதுதான் வந்து கைகழுவிச் சாப்பிட இருந்திருந்தார். உள்ளங்கையில் காய்ப்பு மினுங்கியது. எனக்கு மூச்சு வாங்கியது.

"அப்பா, வழக்கு போன மாதமே முடிஞ்சுதாம். நீங்கள் இனி விறகுக்குப் போகத் தேவையில்லையாம்."

"ஓம் பிள்ளை, தெரியும்" என்றார் அப்பா. பிறகு அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார். அம்மா ஊற்றினார்.

அடுத்த நாள் காலை நான் எழும்பிப் பார்த்தபோது அப்பாவையும் காணவில்லை, சைக்கிளையும் காணவில்லை, கோடாலியையும் காணவில்லை. களைப்பில் அவருக்கு நான் சொன்னது சரியாக விளங்கவில்லை என்று நினைத்தேன். பெரியவர்களுக்குச் சில விஷயங்களை இரண்டு தரம் சொல்லவேண்டியிருக்கிறது. அன்று பின்னேரம், இன்னொருதரம் ஆறுதலாக எடுத்துச் சொல்லலாம் என்று அவர் வரும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.