ஆகாயத்தில் பிரேக் இல்லை

அந்தம்மாவின் இடது கால் செருப்பு எப்போதும் புதிதாகவே இருக்கும். வலது கால் செருப்பில் பெருவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை விழுந்திருக்கும். செருப்புக் கடைக்காரர் ஒருமுறை ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒத்தைக் கால்லயா நடக்கறீங்க அக்கா?" என்று கேட்டார்.

"நடக்கறதில்லைங்க. நிறுத்தறேன்," என்றார் அந்தம்மா.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சி வண்டியில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பிரேக்கால் உயிர் பிழைத்தவர்கள். மீதிப் பாதி, அவர்கள் பழகிய சமயத்தில் சாலையோரம் நடந்துபோய், அதே பிரேக்கால் உயிர் பிழைத்தவர்கள். மாணவர்கள் முகத்துக்கு நேரே 'மேடம்' என்றும் முதுகுக்குப் பின்னால் 'பிரேக் மேடம்' என்றும் கூப்பிட்டார்கள். நாளடைவில் முகம், முதுகு என்ற வித்தியாசம் போய்விட்டது.

தொழில் கால்வழியாக உடம்புக்குள் ஏறிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் மிதிப்பார். லிஃப்ட் இறங்கும்போது மிதிப்பார். சினிமாவில் கார்கள் துரத்திக்கொள்ளும் காட்சி வந்தால் முன் வரிசைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வார். ஓட்டக் கற்றுக்கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர் எதையும் ஓடவிடச் சம்மதிக்காதவராக இருந்தார். இதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க." இதற்குள் அவர் உத்தியோகம் முழுவதும் அடங்கிவிடும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கார் ஓட்டினார். வீடு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டினார். அப்புறம் எடுக்கவே இல்லை. தனக்கு ஓட்டுவதில் ஆர்வமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஆர்வம் எந்த நாற்சந்தியில் இறங்கிப் போனது என்பது இருவருக்கும் தெரியும், பேசிக்கொண்டதில்லை.

மகள் அப்பாவைவிட உஷார். அம்மாவிடம் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று சண்டை போடாமல், எதிர்த் தெருப் பயிற்சிப் பள்ளியில் ரகசியமாகச் சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் சிக்னலில் இரண்டு பள்ளிகளின் வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அந்தம்மா திரும்பிப் பார்த்தார். பக்கத்து வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மகள். பச்சை விழுந்ததும் மகள் வழுக்கிக்கொண்டு போனாள். அந்தம்மாவின் மாணவர் வண்டியை அணைத்துவிட்டார்.

இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. புதுக் காரும் வந்திருந்தது. வேலையில் சேருவதற்கு முன்னால் மூன்று பேருமாகக் கடற்கரைக்கு வந்திருந்தார்கள். விடுதியின் குளியலறையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மணல் போகவில்லை. பால்கனிக் கம்பியில் ஈரத் துண்டுகள் காயாமல் தொங்கின. எல்லாம் விடுமுறைக்கு உரிய லட்சணத்தோடுதான் இருந்தன. ஆனால் திட்டத்தின் பின்பாதி அந்தம்மாவுக்கு உறுத்தலாக இருந்தது. இங்கிருந்து மகள் நேரே புது ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவாள். வீடு ஒழுங்கு பண்ண அப்பா கூடப் போவார். அம்மா பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

"உனக்குத்தான் கிளாஸ் இருக்கே," என்றாள் மகள்.

"பத்து நாளைக்குக் கிடையாதுன்னு போர்டு மாட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

"அம்மா, நேராவே சொல்லிடறேன். வரும்போது பின் சீட்டுல என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருந்த. வழி பூரா என் இடுப்புல மிதிச்சுக்கிட்டே வந்த. இன்னும் வலிக்குது."

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்," என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா."

அந்தம்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் எந்த வீட்டில் சமைக்கப்போகிறாள், எந்த ஜன்னலைத் திறந்து வைக்கப்போகிறாள் என்பதையெல்லாம் கணவர் வந்து சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். கணவரோ, எலும்பு முறியாத எதையும் இரண்டு வார்த்தைக்கு மேல் விவரிக்காதவர்.

கரையில் பாராசெய்லிங் நடந்துகொண்டிருந்தது. ஒரு படகு நீளக் கயிற்றால் இழுக்க, கரையில் நின்றிருந்த ஆள் நாலு அடி ஓடி, கலர் பாராசூட்டில் தொங்கியபடி மேலே போய்க்கொண்டிருந்தார். மகளின் கண் அங்கே போனது.

"சரி, ஒரு பந்தயம். நீ அதுல ஒரு தடவை போயிட்டு வா. மேல கிளம்பினதுல இருந்து கீழ பெல்ட்டைக் கழட்டற வரைக்கும் வாயையும் திறக்கக் கூடாது, வலது காலும் அசையக் கூடாது. நான் வீடியோ எடுப்பேன். ஜெயிச்சா முன் சீட்டு உனக்கு. தோத்தா பஸ்."

அம்மா மறுத்துவிடுவார், பிரச்சினை கௌரவமாகத் தீர்ந்துவிடும் என்பது மகளின் கணக்கு. அந்தம்மா எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினார்.

"சுடிதார் மாத்திக்கிட்டு வர்றேன்," என்றார்.

ஆட்களைப் பாராசூட்டில் ஏற்றி அனுப்புபவர் கையில் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்றாக இரண்டு கொடிகள். லைஃப் ஜாக்கெட்டையும் பெல்ட்டையும் மாட்டிவிட்டபடியே பாடம் எடுத்தார்.

"பச்சை காட்டினா சும்மா இருங்க மேடம். சிவப்பு காட்டினா உங்க தலைக்கு மேல வலது பக்கக் கயிறை ரெண்டு கையாலயும் கீழ இழுங்க. கரைக்குத் திரும்பி வந்துடுவீங்க. அவ்வளவுதான்."

அந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு எந்த ஆசிரியராவது போவாரா? மாணவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாமா? கயிற்றைக் கையில் கொடுத்து ஒரு முறை இழுத்துப் பார்க்கச் செய்ய வேண்டாமா? இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகள் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டார்.

எக்ஸ்ரேக்காரர் கிட்டே வந்து, ஒரு கணவர் இந்த மாதிரி நேரத்தில் சொல்லக்கூடியதைச் சொன்னார்: "மூச்சை இழுத்துப் பிடி. அசையாதே."

படகு உறுமியது. கயிறு விறைத்தது. அந்தம்மா நாலு அடி ஓடினார். ஐந்தாவது அடிக்குத் தரை இல்லை.

மகள் போனில் உருவத்தைப் பெரிதாக்கினாள். அதில் செருப்பில்லாத ஒரு வலது கால் தெளிவாகத் தெரிந்தது. அது மிதித்தது. விட்டு விட்டு மிதித்தது. பிறகு விடாமல் மிதித்தது. "தோத்தாச்சு!" என்று மகள் அப்பாவிடம் சொன்னாள். அப்பா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். 'விடுங்க' என்று சொல்லத்தான் ஆளில்லை.

மேலே அந்தம்மா மிதித்துக்கொண்டே இருந்தார். படகு போய்க்கொண்டே இருந்தது. இன்னும் அழுத்தினார். படகு இன்னும் வேகமாகப் போனது. இத்தனை வருஷத்தில் அவர் கால் சொன்ன சொல்லை யாரும் இப்படி மதிக்காமல் இருந்ததில்லை. கீழே படகுக்காரர் பெரிய வட்டமாகத் திருப்பினார். பின்னால் ஒருவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறோம் என்ற நினைப்பே இல்லாத மாதிரி ஒரு திருப்பம். 'பின்னாடி பாருங்க!' என்ற கத்தல் பல்வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் புரிந்தது. முன்னால் லாரி இல்லை. குறுக்கே சைக்கிள் இல்லை. பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வரும் குழந்தை இல்லை. மோதுவதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. எளிய உண்மைதான். ஆனால் தலைக்கு எட்டியது காலுக்கு எட்ட இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. எட்டியதும் கால் துவண்டு, காற்றில் சும்மா தொங்கியது. அப்படி ஒரு கால் தனக்கு இருப்பதே அந்தம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கடல் வெகு கீழே, இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. காது நிறையக் காற்று. அவர் சிரித்தார். பந்தயத்தில் சிரிப்பைப் பற்றிப் பேச்சில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரையில் சிவப்புக் கொடி ஆடியது.

வேறு யாராக இருந்தாலும் கயிற்றை இழுத்திருப்பார்கள். சிவப்பைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஊருக்கே கற்றுக்கொடுத்தவர் இழுக்கவில்லை. மிதித்தார். துவண்டு கிடந்த கால் சட்டென்று விறைத்து, இதுவரை மிதிக்காத மிதியாக ஒன்று மிதித்தது. கைகள் இரண்டும் மாணவருக்கு முன்மாதிரியாக மடியில் இருந்தன.

"கயிறு! மேடம், கயிறு!" கொடிக்காரர் மணலில் ஓடி வந்தார். பாராசூட் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, வாடகை நாற்காலிகள் இருந்த பக்கமாக, நேரே மகளை நோக்கித் தாழ்ந்து வந்தது. மகள் இடத்தைவிட்டு நகராமல் போனைத் தூக்கிப் பிடித்தபடி கத்தினாள்:

"அம்மா! பிரேக்! பிரேக் போடு! பிரேக்!"

அந்தம்மா ஈர மணலில் உட்கார்ந்த வாக்கில் வந்து இறங்கினார். பாராசூட் துணி கொஞ்ச தூரம் போய் மகள்மேல் படுத்துக்கொண்டது. துணிக்குள்ளிருந்து "பிரேக்" இன்னும் ஒரு முறை கேட்டது.

"மேடம், அடி பட்டுச்சா?" கொடிக்காரர் மூச்சு வாங்கினார். அந்தம்மா அவரைப் பார்த்தார். பேசவில்லை. "மேடம், ஏதாவது சொல்லுங்க மேடம்!" இல்லை. "ஐயோ, பேச்சு வரலையே!"

எக்ஸ்ரேக்காரர் மண்டியிட்டு மனைவியின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். முழங்காலைத் தட்டினார். அந்தம்மா தலையை ஆட்டி ஆட்டி, விரலால் பெல்ட்டைக் காட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. கொக்கியைக் கழற்றினார். 'டக்' என்று சத்தம் வந்ததும் அந்தம்மா வாயைத் திறந்தார்.

"அந்தப் படகுக்காரர் திருப்பும்போது ஒரு தடவைகூடப் பின்னாடி பாக்கலைங்க."

சாயங்காலம் அறையில் தீர்ப்பு நாள். மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். மெத்தை விரிப்பிலும் மணல். போனை அப்பாவிடம் கொடுத்து, "நீங்களே பாருங்கப்பா. அம்மா எப்படி மிதிக்கறான்னு பாருங்க," என்றாள் மகள்.

"படத்துல என்ன இருக்கோ அதைத்தான் சொல்லுவேன்," என்றார் எக்ஸ்ரேக்காரர். பார்த்தார். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பழக்கதோஷம். "ரெண்டு கால் இருக்கு."

"ரெண்டா?"

"ஒண்ணு ஆகாயத்துல மிதிக்குது. இன்னொண்ணு, இதோ, போன் கீழ சாயுது பாரு, மணல்ல கணுக்கால் வரைக்கும் இறங்கியிருக்கு. வலது கால். நகப் பூச்சு போட்டிருக்கு."

மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு தன் கால்விரல்களைப் பார்த்தாள். அதே கலர்.

"வாயைத் திறந்தது யாருன்னு கேட்டா, படத்துல ஒரே ஒரு குரல்தான் இருக்கு. அதுவும் ஒரே வார்த்தையத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுது."

"அது வேறப்பா. அம்மா வந்து விழுந்துடுவாளோன்னு பயத்துல வந்தது."

"நான் மட்டும் என்ன, ஆசைக்கா மிதிக்கறேன்?" என்றார் அந்தம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். மகள் விரிப்பிலிருந்த மணலைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, முன் சீட்டு," என்றாள் மகள், கடைசியில். "ஆனா வாயைத் திறந்தா வழியில எந்த பஸ் ஸ்டாண்டு வருதோ அதுல இறக்கி விட்டுருவேன்."

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். பின் சீட்டில் தலையணைகளுக்கும் பாத்திரப் பெட்டிக்கும் நடுவில் எக்ஸ்ரேக்காரர் அசையாமல் பொருந்தியிருந்தார். அந்தம்மா முன் சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். கால்கள் இரண்டும் அவருடைய பாரத்துக்கு அடியிலேயே காவலில் இருந்தன.

ஊர் தாண்டியது. பாலம் தாண்டியது. அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தென்னை மரங்களைப் பார்த்தபடி வந்தார். ஒரு வளைவில் மகள் கொஞ்சம் தாமதமாகத்தான் பிரேக் போட்டாள். பக்கத்திலிருந்து சத்தமில்லை. ஒரு லாரியை முந்தினாள். அதற்கும் சத்தமில்லை. மகள் ஓரக்கண்ணால் பார்த்தாள். ரேடியோவைப் போட்டாள். அணைத்தாள்.

"ஏம்மா, இப்படியா வருவாங்க? பக்கத்துல லைசென்ஸ் குடுக்கற ஆபீசர் உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

"பேசக் கூடாதுன்னு நீதான் சொன்ன."

"இப்பப் பேசிட்டியே."

"நீ கேட்ட."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள்.

"அந்த லாரியைத் தாண்டினேனே, சரியாத்தான் பண்ணினேன்?"

அந்தம்மா யோசித்தார். "சொல்லலாமா?"

"சொல்லித் தொலை."

"கண்ணாடி பாக்கல."

மகள் கண்ணாடியைப் பார்த்தாள். வெகு பின்னால் அந்த லாரி வந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் எக்ஸ்ரேக்காரர் தலையணையைக் கொஞ்சம் இறக்கி வைத்தார்.

"காலை இறக்கிக்கட்டுமா?" என்றார் அந்தம்மா. "மரத்துப் போச்சு."

எதிரில் ஒரு நாற்சந்தி வந்துகொண்டிருந்தது. மகள் வேகத்தைக் குறைத்தாள்.

"இறக்கிக்கோ," என்றாள். "ஆனா மெதுவா மிதி. மேட் புதுசு."