பாதங்கள் தெரியாத படம்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் வளைவை அடுத்த தெருவில் செல்வநாதன் குடியிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தோராண்டுகளாகப் பொதுநிகழ்ச்சிகளுக்குப் படம் எடுத்து வந்தவர். மணிமங்கலத்தில் காலையில் பாலத் திறப்பு, மறைமலை நகரில் பிற்பகலில் ரத்ததான முகாம், திரும்பும் வழியில் மாதா தேர்பவனி என ஒரே நாளில் மூன்று இடங்களுக்குப் போய்வந்த காலமும் உண்டு. அப்போதெல்லாம் ஏரிக்கரைகள்தாம் அவருக்குப் பாதை. எந்தக் கரைமேல் போனால் எவ்வளவு தூரம் மிச்சம், ஏரியின் மிகைநீர் வெளியேறும் எந்தக் கலங்கல் கார்த்திகையில் வழிந்து வழியை மறிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்போது அகலச் சாலையில் ஏறினால், இறங்கும்வரை ஒரு சொட்டு நீர் கண்ணில் படுவதில்லை. இடுப்பு வலிதான் மிச்சம்.

அன்று செவ்வாய்க்கிழமை. முத்துச்செல்வி என்ற பெண் அவர் வீட்டுக்கு வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து ஊரில், பதினோரு வாடகை அறைகள் கொண்ட வரிசையில் மூன்றாவது அறை அவளுடையது.

"அண்ணாச்சி, எங்க ரூமுக்குப் பின்னால ஓடுன கால்வாய நீங்கதான் படம் பிடிச்சீங்கன்னு ஊர்ல சொல்லுதாவ."

மேட்டுநிலத்து மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோகும் வரத்துக்கால்வாய் அது. அதன் மறுகரையில் இருந்த சேமிப்புக் கிடங்கு அதை மண்கொட்டித் தூர்த்துவிட்டதாக ஊரார் மனுக் கொடுத்திருந்தார்கள். தாங்கள் 2018 தையில் நிலம் வாங்கும்போதே அது மேடாகத்தான் இருந்தது, தாங்கள் எதையும் தூர்க்கவில்லை என்பது கிடங்கின் பதில். வியாழக்கிழமை வட்டாட்சியர் நேரில் பார்க்க வருகிறார். அவர்கள் நிலம் வாங்கியபின்னும் அங்கே கால்வாய் இருந்ததற்குச் சான்று காட்டினால், அந்த இடத்தில் கிடங்கு சுவர் எழுப்பும் வேலை நிற்கும். இல்லையேல் சனிக்கிழமைக்குள் சுவர் எழும்பிவிடும். பதினோரு அறைகளின் தண்ணீருக்கும் போக்கிடம் இராது.

"போன ஐப்பசியில கட்டிலு மட்டத்துக்குத் தண்ணி நின்னுச்சு, அண்ணாச்சி. ஷிப்ட் முடிஞ்சு வந்து எங்கன படுக்க? ஒரே ஒரு படம் கெடச்சாப் போதும்."

"2018 ஐப்பசியில தூர்வார்ற விழா நடந்துச்சி. நான்தான் எடுத்தேன். தேடிப் பாக்குறேம்மா" என்றார் செல்வநாதன்.

படம் மறுநாள் காலையில் கிடைத்தது. கிடைத்தபின் அவர் முகம் வாடிப்போயிற்று. இருபத்து மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் நிற்பவர் கையில் மஞ்சள் பூசிய மண்வெட்டி. பின்னால் இரண்டு பனைகளுக்கிடையே கட்டிய பேனர், அதற்குமேல் வானம். கால்வாய் எங்கும் இல்லை.

வேறு படங்களையும் திறந்து பார்த்தார். ஏரித் திருவிழாவில் முகங்கள். மதகுத் திறப்பில் மாலைகள். வெள்ள நிவாரணத்தில்கூட அரிசிப் பையும் அதைக் கொடுப்பவரின் சிரிப்பும்தாம். இத்தனை ஆண்டுகள் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி அலைந்தும் தண்ணீரைப் படம் எடுக்க வேண்டும் என்று தமக்குத் தோன்றவே இல்லையே என்று எண்ணியபோது, உடம்பைவிட மனம் அதிகம் களைத்திருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

மனைவி அன்னபுஷ்பம் காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஒருத்தனுக்கும் பாதமே காணோம்? இருவத்தி மூணு பேரும் பேயா?"

"அதுக்குத்தான் அந்த வார்டு மெம்பரு சண்டைக்கு வந்தான். புது ஷூ வாங்கினேன், படத்துல வுழவே இல்லன்னு."

"அப்போ இன்னாத்துக்குப் பாதத்த வுட்டீங்க?"

"அத்தினி பேரும் ஃப்ரேமுல அடங்கணுமே. பின்னால போவ எடம் இல்ல. விழா தள்ளிப்போய்த் தள்ளிப்போய் மழையே வந்துட்ச்சி. நான் கால்வாயில எறங்கி, தொடை வரைக்கும் தண்ணியில நின்னுகினு எடுத்தேன். கரை ஒசரமா இருந்துச்சா, அது பாதத்த மறைச்சி…"

சொல்லிக்கொண்டே வந்தவர் படத்தில் அந்தக் கரையின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தார். அன்னபுஷ்பம் டம்ளரை அவர் கையில் திணித்தாள்.

"இத்த அந்த ஆபீசர் கிட்ட சொல்லுங்க. காப்பி ஆறுது."

வியாழன் பிற்பகலில் வட்டாட்சியர் வந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கிடங்கின் மேலாளர் மணிகண்டபிரபு குடை பிடித்துக்கொண்டு உடன் வந்தார். பனைகள் இரண்டும் அப்படியே நின்றன. அவற்றுக்கு முன்னால் கிடங்குவரை தரை ஒரே மட்டமாகக் கிடந்தது. செல்வநாதன் படத்தைக் கொடுத்து விவரம் சொன்னார்.

"மேடம், விழா நடந்திருக்கும், நான் இல்லன்னு சொல்லல" என்றார் மணிகண்டபிரபு. "பேனர் கட்டிட்டுப் போயிருப்பாங்க. தண்ணி எங்க? இவரு உக்காந்து எடுத்திருப்பாரு. போட்டோகிராபருங்க உருண்டு புரண்டுகூட எடுப்பாங்க."

வட்டாட்சியர் செல்வநாதனைப் பார்த்தார். "எடுத்துக் காட்ட முடியுமா?"

அறைகளில் இருந்தவர்களை அழைத்துப் பனைகளுக்கு முன்னால், படத்தில் உள்ளவாறே நிற்க வைத்தார்கள். செல்வநாதன் பன்னிரண்டு அடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்தார். எல்லார் செருப்புகளும் தெரிந்தன. உட்கார்ந்து எடுத்தார், தெரிந்தன. பிறகு கைக்குட்டையை விரித்து, ஒரு கையை ஊன்றி, மெல்லக் குப்புறப் படுத்தார். சரளை முழங்கையில் குத்தியது. கேமராவை மண்மீதே வைத்து எடுத்தார்.

"உருண்டும் ஆச்சி மேடம். கேமரா தரையிலயே கீது. பாருங்க."

வட்டாட்சியர் குனிந்து திரையைப் பார்த்தார். முத்துச்செல்வியின் ரப்பர் செருப்பு வார்வரை தெளிவாகத் தெரிந்தது. பழைய படத்தை அருகில் வைத்து ஒப்பிட்டார். அதில் கரையின் புல்விளிம்பு இருபத்து மூன்று பேரின் கணுக்கால்களையும் மறைத்திருந்தது.

"இதுக்கும் கீழ போனாத்தான் அது மாதிரி வுழும்" என்றார் செல்வநாதன், எழாமலே. "அப்போ நான் நின்ன எடம் இப்போ மண்ணுக்குள்ள கீது."

மணிகண்டபிரபு குடையை மடக்கினார். "ஏதாவது குழி இருந்திருக்கலாம் மேடம்…"

"இருபத்து மூணு பேர் நிக்கிற நீளத்துக்குக் கரை நேர்கோடா தெரியுதே சார். எந்தக் குழிக்கு இப்படிக் கரை இருக்கும்?" என்ற வட்டாட்சியர், உடன்வந்த கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதச் சொன்னார்: சுவர் வேலை இன்றே நிறுத்தப்பட வேண்டும், கிராம வரைபடத்தின்படி கால்வாயை அளந்து, பதினைந்து நாள்களுக்குள் கிடங்கு தன் செலவில் மண்ணை அகற்ற வேண்டும்.

செல்வநாதனால் எழ முடியவில்லை. முத்துச்செல்வி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கிராம நிர்வாக அலுவலர் நீட்டிய தாளில் தம் வாக்குமூலத்தை இருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். சாலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவளுக்கு இரண்டாம் ஷிப்ட்.

"பதினஞ்சு நாளைக்குள்ள மழ வந்துருமே, அண்ணாச்சி."

"வரும்."

"அப்பம் இந்த வருசமும் தண்ணி உள்ள வந்துருமா?"

அவர் வானத்தைப் பார்த்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வந்தாலும் வரும்மா. செவுரு நின்னுட்ச்சி. வந்த தண்ணி வெளிய போவ வழி கீது. நீ பஸ்ஸப் புடி."

அவள் ஓடினாள். செல்வநாதன் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்து, லாரிகள் இடைவெளி விடும்வரை காத்து நின்றார்.