சுருதிப் பெட்டியை ஒதுக்கக் கற்ற கம்ப்யூட்டர்

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். சேரம்பாடிப் பக்கம் நான் பிட்டராக இருந்த பேக்டரியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மெஷின் ஓடியது. என் மனைவியின் தம்பி அதே எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் குறைத்தபோது முதலில் போனது அவன் வேலைதான். சங்கீதப் பாட சிடி போடும் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அவனை ஒரு மாதத்தில் வரச் சொல்லியிருந்தது. வயலின் படிப்பவர் எந்தச் சுரம் வாசிக்கிறார் என்று திரையில் கோடாகக் காட்டும் புரோகிராமைக் கொண்டுபோனால் வேலை. இல்லையென்றால் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை பஜனைக்கு முருகன் கோயிலில் வயலின் வாசிக்கிறவன் நான். எல்லாம் கேள்வி ஞானம். சோதனைக்கு நானே அகப்பட்டேன். சாயங்காலம் விளக்கேற்றியதும் முன்னறையில் உட்காருவோம். மனைவி சுருதிப் பெட்டியின் துருத்தியை அமுக்குவாள், நான் வாசிப்பேன், அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பான்.

நான் ஸ, ரி, க என்று ஏறினால் கோடு ஸ-விலேயே படுத்துக் கிடக்கும். சில சமயம் ஒரு ஸ்தாயி மேலே தாவி, பொத்தென்று விழும்.

"வில்லு உரசற சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்க மாமா."

மெதுவாக இழுத்தேன். பயனில்லை. தகரத்தில் மழை விழும் சத்தம் என்றான். கூரைமேல் சாக்கு விரித்தோம். மலை ஈரத்தில் கம்பி கரகரக்கிறதோ என்று புதுக் கம்பி மாட்டினேன். இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

"முதல்ல உன்ற கம்ப்யூட்டருக்குக் காது குத்துடா" என்றாள் அவன் அக்கா.

அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கிவிட்டது. பெட்டியை விட்டுவிட்டு அவள் ஓடினாள். நான் நிறுத்தாமல் வாசித்தேன். கோடு எழுந்தது. ஸ, ரி, க, ம என்று என் விரலோடு ஏறியது. அவள் வந்து மறுபடி பெட்டியை அமுக்கினாள். கோடு படுத்துவிட்டது.

சுருதி இல்லாமல் வில்லைத் தொடும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் அது ஒரு சத்தம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் இத்தனை நாளும் பெட்டியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"அவ்வளவுதானுங்க மாமா. பெட்டிய நிறுத்திட்டு வாசிச்சாச் சரியாப் போயிரும்."

"அது ஆகாது மாப்ளே. வாங்கறவங்க சுருதி போடாமயா உக்காருவாங்க? அவங்க ஊட்டுலயும் இதே மாதிரி படுத்துக்கும்."

"எட்டு நாள்தானுங்க இருக்குது."

"எட்டு நாள் இருக்குதில்ல?"

அவன் மைக்கைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்: "பேக்டரில அத்தன ரோலர் ஓடறப்ப, ஒரு பேரிங் கெட்டுப்போனது மட்டும் உங்களுக்கு எப்படிங்க கேக்குது?"

"மாறாத சத்தம் எதுன்னு முதல்ல கேட்டு வெச்சுக்குவேன். அத ஒதுக்கிப்போட்டு மிச்சத்தக் கேப்பேன்."

அதையே எழுதினான். முதலில் பெட்டியை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு, அதைக் கழித்துவிட்டு வயலினைத் தேட வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் ஸ்தாயி தாண்டி எந்தச் சுரமும் குதிக்காது என்பதால், முன்னும் பின்னும் பார்த்த பிறகே கோடு போட வேண்டும். ரி வந்தது, க வந்தது. ஸ வாசித்தால் கோட்டையே காணோம். பெட்டியும் ஸ, நானும் ஸ. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

"முருகா" என்று சொல்லி மறுபடி வில்லை எடுத்தேன். பெட்டியின் அளவை மட்டும் கழித்து, அதற்கு மேலே நிற்பதை வயலின் என்று எடுத்துக்கொள்ளும்படி மாற்றினான். ஒரே வரிசையை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வாசித்தேன். ஏழாம் நாள் ஸ-வுக்கும் கோடு சரியாக விழுந்தது.

மறுநாள் வயலினையும் பெட்டியையும் புரோகிராம் போட்ட சிடியையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கோயம்புத்தூர் பஸ் ஏறினோம். கம்பெனிக்காரர் நான் சுருதியோடு வாசித்த ஒரு பாட்டை முழுக்கக் கேட்டார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மந்தர ஸ்தாயில கோடு நடுங்குதே."

"ஆமாங்க, அது இன்னும் சரியாகலைங்க" என்றான் மைத்துனன். மறைக்கவில்லை.

"சரி, ஒண்ணாந்தேதி வந்து சேருங்க. அத இங்க உக்காந்து பாருங்க."

அவன் தலையாட்டினான். எங்கள் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் பெட்டியை அமுக்கச் சொல்லி, கீழ் ஸ்தாயிக் கம்பியை மறுபடி இழுத்தேன்.