பூசணி என்று கேட்டதும் பரங்கி வந்ததும்

"பூசணி வாங்கினேன். தவறு. மறுபடி சந்தை."

கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் நாட்காட்டித் தாளில் என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான். கிழித்த தாள்களை ஆண்டுவாரியாகக் கட்டி வைப்பது என் பழக்கம். இந்தத் தாளுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் எழுதத் தோன்றுகிறது.

மருமகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். திருநெல்வேலிப் பெண், செஞ்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இட்லி, கஞ்சி, இளநீர் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இன்னும் எடை குறைந்தால் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று காலையில் அவளாகவே, "பூசணிக்காய் இருந்தா ரெண்டு வாய் சாப்பிடலாம் போல இருக்கு மாமா" என்றாள். பல நாட்களாக ஒன்றும் கேட்காதவள். நான் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினேன்.

நல்ல கனமான பூசணி, தோலில் சாம்பல் பூத்தது. சமையல் மேடையில் வைத்ததும் மருமகளின் முகம் வாடியது.

"இது தடியங்காய்லா மாமா! நான் கேட்டது உள்ள மஞ்சளா இருக்கும்லா, அது."

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு கேட்டது பரங்கிக்கா. நீங்க வாசல்ல கட்டுற திருஷ்டிப் பூசணிய தூக்கினு வந்துட்டீங்க. படிச்ச பொஸ்தகத்துல இதெல்லாம் போடலியா?"

போடவில்லை. இந்தக் கோட்டையை யார் யாரிடமிருந்து பிடித்தார்கள் என்று வரிசையாகச் சொல்வேன். பரங்கியர் கொடி இங்கே பறந்த காலமும் தெரியும். நாங்கள் பரங்கி என்பது தெற்கே பூசணி, நாங்கள் பூசணி என்பது அங்கே தடியங்காய் என்பது மட்டும் தெரியாது.

"பரவால்ல மாமா, இதையே வைங்க" என்றாள் மருமகள். சொன்ன குரலிலேயே அதைத் தொடமாட்டாள் என்பது தெரிந்துவிட்டது. மறுபடி கிளம்பினேன்.

தொண்டூரிலிருந்து வந்து காய் விற்கும் அம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா சார், பூசணி வழியில உருண்டு பூட்ச்சா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"மாசமா இருக்கற பொண்ணுக்கா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று, அறுத்து வைத்திருந்த பரங்கிக் கீற்றுகளை ஒதுக்கிவிட்டு, கோணிக்கு அடியிலிருந்து சின்ன முழுக்காய் ஒன்றை எடுத்தார். விடிகாலையில் கொடியிலிருந்து அறுத்தது. காம்பில் ஈரம் காயவில்லை.

மனைவி தோலோடு துண்டு போட்டாள். "கடுகு பொரியுத வாசனை மட்டும் வேண்டாம் அத்தை" என்றாள் மருமகள். அதனால் தாளிக்கவில்லை. உப்பு, கொஞ்சம் தண்ணீர், மேலே ஒரு மூடி. இறக்கியபின் ஒரு பிடி தேங்காய்த் துருவல். துண்டுகள் உடையாமல், விரலால் அழுத்தினால் நசுங்கும் பதத்தில் இருந்தன.

மருமகள் ஒரு துண்டை எடுத்தாள். பிறகு இன்னொன்று. நாங்கள் இருவரும் வேறு வேலையில் இருப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் இருக்கா அத்தை?"

சாப்பிட்டது தங்கியது. மறுநாளும் அதையே கேட்டாள். மெல்ல மெல்லச் சோறும் இறங்கியது, குளுக்கோஸ் தேவைப்படவில்லை. முதலில் வாங்கிய காய் மோர்க்குழம்பானது. சாம்பாரில் பரங்கியைக் கண்டால் ஒதுக்கி வைத்துப் பழகிய நான், தாளிக்காத அந்தப் பொரியலில் காயின் ருசியே போதுமானதாக இருக்கிறது என்று கண்டுகொண்டேன். இப்போது வாரம் ஒருமுறை எங்கள் வீட்டில் அதுதான்.

வளைகாப்புக்கு வந்த அவள் அம்மாவுக்கும் அதைப் பரிமாறி, மனைவி நடந்ததைப் பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மா வியந்துபோனார்.

"இவளா கேட்டா? சின்னப் பிள்ளைல பூசணிக்காயக் கண்டாலே தட்டத் தள்ளிருவாளே மதினி!"

"அம்மைக்கு எல்லாம் மறந்துட்டு" என்றாள் மருமகள், இரண்டாம் முறை தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டே.

சாட்சிகள் இருவர், இருவரும் உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த நாட்காட்டித் தாளின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: மருமகள் சிறுவயதில் பூசணிக்காய் தின்றாளா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.